படுத்திருந்த கிரகம்

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மகாளய அமாவாசை. காலை வழக்கம் போலத்தான் ஆரம்பித்தது. பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தேன், குளித்தேன், விளக்கேற்றினேன், டைரியில் தேதியைப் போட்டேன். பிறகு என் கணவர் பரணிலிருந்து இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, மும்பை மாதுங்காவில் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில் கொலுப்படி கட்டினோம். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் இடது கால் சற்றுத் தாழ்ந்திருந்தது. அட்டையை மடித்து அடியில் செருகினேன். அன்று மரப்பாச்சி ஜோடியை மட்டும் மேல் படியில் வைத்தோம். மற்ற பொம்மைகள் மறுநாள்.

ரசமட்டம் என்றதும் நீங்கள் சிரிக்கலாம். என் வீட்டில் எல்லோரும் சிரித்தாகிவிட்டது. வாஷியில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கப்பலுக்குப் போகும் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த வேலையால் இந்தக் குணம் வந்ததா, இந்தக் குணத்தால் அந்த வேலை கிடைத்ததா தெரியாது. எது கோணலாக இருந்தாலும் கை தானாகப் போய் நேராக்கிவிடும். சுவரில் காலண்டர், வாசலில் செருப்பு, சில சமயம் எதிர் வீட்டு மிதியடியும். கொலுவில் ஒவ்வொரு படிக்கும் நூல் பிடித்துத்தான் பொம்மைகளை வைப்பேன்.

இந்த வருடம் எங்கள் கொலுவுக்கு ஒரு புது ஆள் வந்திருந்தாள். என் மருமகள். மே மாதம்தான் கல்யாணம் ஆயிற்று. தாராவியில் பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவள் அம்மாவுக்கு இட்லி வியாபாரம். விடிவதற்குள் ஆவி பறக்க இட்லி இறக்கி, சைக்கிள்காரர்களிடம் கொடுத்தனுப்புகிறவர். மருமகள் படித்துப் படித்து, இப்போது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தொலைதூரக் கிரகங்களைப் பற்றி வேலை செய்கிறாள். சூரியனுக்கு வெகு தொலைவில் யுரேனஸ், நெப்டியூன் என்று இரண்டு பனிப் பெருங்கோள்கள் இருக்கின்றனவாம். இனி அங்கே ஒரு விண்கலம் போனால் அது எதையெல்லாம் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து யோசிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இவளும் ஒருத்தி. என் மகன் சொல்லி எனக்கு அவ்வளவு தெரியும். அவள் அம்மாவுக்கு அதுவும் தெரியாது. "ராக்கெட் ஆபீஸ்ல இருக்கா" என்றுதான் எல்லோரிடமும் சொல்வார்.

சம்பந்தியம்மா கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் வந்திருந்தார். சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். காபித் தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை கையிலேயே பிடித்திருந்தார். என்னை "மாமி" என்று கூப்பிட்டார். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் நடுவே ரயில் தண்டவாளம்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டுவது அவருக்குச் சுலபமாக இல்லை. நாங்கள் வேறு ஜாதி, வேறு பழக்கம். எங்கே என்ன தப்பாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு.

படி கட்டி முடித்ததும் மருமகள் என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை எங்கம்மாவ வரச் சொல்லட்டுமா அத்தை? மத்தவங்க முன்னால... அவங்களுக்கு ஒண்ணும் சங்கடமாயிராதுல்லா?"

"என்ன சங்கடம்? வெள்ளிக்கிழமை புட்டு பண்ணுவேன். வரச் சொல்லு."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அம்மா வர வேண்டும். வந்தவர் முகம் வாடாமல் திரும்ப வேண்டும். அடுத்த முறை கூப்பிடாமலே வர வேண்டும்.

திங்கட்கிழமை மாலை ஆபீஸிலிருந்து வந்ததும் அவள் ஒரு பெட்டியைத் திறந்தாள். உள்ளே தெர்மாகோல் பந்துகள், வண்ணம் அடித்து, கண்ணும் மூக்கும் வாயும் வரைந்து. "கொலுன்னா மூஞ்சி வேணும்லா அத்தை" என்றாள். செவ்வாய்க்குக் கோபமான முகம். வியாழனுக்கு இரட்டைத் தாடை. படிகளுக்குக் கீழே தரையில் பார்க் என்று குட்டித் தோட்டம் போடும் இடத்தை அவளுக்கே விட்டுவிட்டேன். ஒவ்வொரு கிரகத்தையும் ஒரு மூங்கில் குச்சியில் செருகி, களிமண் உருண்டையில் நட்டு வைத்தாள். நான் வந்தவர்களுக்குத் தாம்பூலம் எடுத்துக் கொடுப்பதில் இருந்ததால் முழுதாகப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை படிகளைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். வரிசையில் கடைசிக்கு முந்தின கிரகம், வெளிர் நீலப் பச்சை நிறத்தில் ஒன்று, படுத்துக் கிடந்தது. கன்னம் தரையில் பட, கண்ணைத் திறந்தபடி. இடுப்பில் மாட்டியிருந்த கறுப்பு ரப்பர் வளையல் நெட்டுக்குத்தலாக நின்றது.

கொலு வைக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம். கொலு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். அதுவரை எந்தப் பொம்மையும் படுத்திருக்கக் கூடாது. நடுவில் ஒன்று விழுந்துவிட்டாலே பெரியவர்கள் பதறுவார்கள். நானும் பதறி, யாரும் பார்ப்பதற்குள் குச்சியை நிமிர்த்தி நட்டேன். வளையல் சனியின் வளையம் போல அழகாக மட்டமாயிற்று. நூல் பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

புதன்கிழமை காலை அது மறுபடியும் படுத்திருந்தது. ஜன்னல் வழியாகப் புறா வந்திருக்கும் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திவிட்டு நிமிர்த்தினேன். வியாழக்கிழமையும் படுத்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கேட்டேன். பாய் என்றுதான் இங்கே கூப்பிடுவோம். "மைனே ஹாத் பீ நஹி லகாயா!" என்று அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கையால் தொடக்கூட இல்லையாம். ஃபேன் காற்றாக இருக்கும் என்று ஃபேனைக் குறைத்தேன். என் கணவர் வியர்த்துக்கொண்டு பேப்பர் படித்தார். வெள்ளிக்கிழமை காலை பொறுமை போய்விட்டது. சம்பந்தியம்மா முதல் முறையாகக் கொலு பார்க்க வரும் நாளில் இது விழுந்து தொலைக்கக் கூடாது. களிமண்ணை இரட்டிப்பாக்கி, குச்சியில் பசை தடவி நிமிர்த்து நட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனேன். வடாலாவில் ரயில் மாறும்போதுகூட அது நிற்கிறதா என்ற யோசனைதான்.

அன்று அரை நாள் லீவு எடுத்துத் திரும்பி வந்தபோது அது நின்றுகொண்டிருந்தது. நிம்மதியாகச் சமையலறைக்குப் போய்ப் புட்டுக்கு மாவை வறுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் மருமகளும் வந்து புடவை மாற்றிக்கொண்டு ஹாலைச் சரி செய்தாள். வெளியே நல்ல மழை.

சம்பந்தியம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நல்ல பச்சை நிறத்தில் பட்டுப் புடவை, கையில் இரண்டு பந்து மல்லிகை, ஒரு டப்பா நிறைய அவரே இடித்த இட்லிப்பொடி. சோபா நுனியிலேயே உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே மூன்றாம் மாடி மாமி வந்தார். எங்கள் கட்டடத்தில் எந்தக் கொலுவையும் அவர் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால்தான் அது கொலு. மேல் படியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பார்க்கிடம் வந்ததும் கன்னத்தில் கை வைத்தார்.

"ஏண்டிம்மா, இன்னிக்கே கொலுவை முடிச்சுட்டேளா?"

எட்டிப் பார்த்தேன். பசையெல்லாம் பிய்ந்து, அந்த நீலப் பச்சைப் பந்து கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது.

"பொம்மை படுத்துண்டுடுத்தே! நவராத்திரி நடுவுல, அதுவும் வெள்ளிக்கிழமை. யார் இப்படிப் படுக்க வெச்சா?"

மாமி கெட்டவர் இல்லை. குரல்தான் பெரிது. சம்பந்தியம்மாவுக்கு விஷயம் முழுதும் புரியவில்லை, தன் மகள் ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டாள் என்பது மட்டும் புரிந்துவிட்டது. எழுந்து நின்று என்னைப் பார்த்தார்.

"மாமி, தப்பா நெனைக்காதீய. நாங்க இதெல்லாம் வெச்சுப் பழக்கமில்ல. அவளுக்குத் தெரியாது." பிறகு மகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, தெரியாட்டா கேக்க வேண்டியதுதானட்டி. எம் மானத்த வாங்குதியே" என்றார். கை குடையைத் தேடியது.

எதற்காக அந்தப் பெண் ஆசைப்பட்டாளோ அது என் கண் முன்னால் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குனிந்தேன், அந்தப் பந்தை நிமிர்த்தக் கையை நீட்டினேன்.

"அத்தை, அத நிமுத்தாதீங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை எதற்கும் மறுத்துப் பேசியதில்லை. அதனால் கை அப்படியே நின்றுவிட்டது.

"அது அப்படித்தான் அத்தை. விழல. யுரேனஸ் அப்படித்தான் படுத்துக்கிட்டே சூரியனைச் சுத்துது. மத்த கிரகமெல்லாம் பம்பரம் மாதிரி நிக்குது. இது மட்டும் உருண்டுக்கிட்டே போவுது. நிமுத்தி வெச்சா அது யுரேனஸே இல்ல."

மாமி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தார்.

"அப்படியா? யார் அதைத் தள்ளிவிட்டா?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்னு நாங்க எல்லாரும் கத்திக்கிட்டு இருக்கோம் மாமி!"

முதலில் சிரித்தது மாமிதான். எனக்கு வேறு ஒன்று உறைத்தது.

"இரு. அப்போ தினமும் இதைப் படுக்க வெச்சது நீயா?"

"நிமுத்தி வெச்சது நீங்களா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான், வேலைக்கு வர்ற பாய்தான் பெருக்கும்போது தட்டி விட்டுட்டு நட்டு வைக்காங்கன்னு நெனச்சேன். இன்னைக்குப் பசை வேற. ஐயோ, பிய்க்கதுக்குள்ள நெகமே போச்சு!"

"நான் புறாவைத் திட்டிண்டிருந்தேன்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர், "அப்போ நான் இனிமே ஃபேனை வேகமா வெச்சுக்கலாமா?" என்றார். சம்பந்தியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். குடையைச் சுவரோரம் வைத்தார்.

நான் புட்டை வாழையிலைத் துண்டுகளில் வைத்துக் கொண்டுவந்தேன். மாமி பாட்டுப் பாடுவதை ஒத்திப்போட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "சொல்லு, படுத்துண்டா என்ன ஆகும்?"

மருமகள் பந்தைக் கையில் எடுத்து, குத்துவிளக்கைச் சூரியனாக வைத்துச் சுற்றிக் காட்டினாள். அது ஒரு தடவை சூரியனைச் சுற்றி வர எண்பத்து நான்கு வருடம். படுத்திருப்பதால் ஒரு முனையில் நாற்பத்திரண்டு வருடம் பகல், பிறகு நாற்பத்திரண்டு வருடம் இருட்டு.

"அப்போ அங்கே ஒரு குழந்தை பொறந்தா," என்று மாமி கணக்குப் போட்டார், "முதல் ஆண்டு நிறைவு வரதுக்குள்ளே சதாபிஷேகமே முடிஞ்சுடும்! ஒரே மண்டபம், ஒரே சாப்பாடு. செலவு மிச்சம்."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு பெரிய கிரகத்தின் அருகே இதுவரை ஒரே ஒரு விண்கலம்தான் போயிருக்கிறது. அதுவும் அவள் பிறப்பதற்குப் பல வருடங்கள் முன்னால். நிற்காமல், ரயிலிலிருந்து ஸ்டேஷனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டது. இனிப் போவது அங்கேயே தங்கிப் பல வருடம் சுற்ற வேண்டும், ஒரு சின்னக் கருவியை அதன் காற்று மண்டலத்துக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது இவர்கள் ஆசை. இன்னும் தொலைவில் இருக்கும் நெப்டியூன் உள்ளிருந்து நன்றாகவே வெப்பத்தை வெளியே விடும்போது, இது மட்டும் ஏன் இவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது? அதன் நிலாக்களில் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்குமா? அதன் காந்தப் புலம் ஏன் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது?

"அதுவும் கோணலா?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாமே கோணல்தான் அத்தை. உங்களுக்கு ஏத்த கிரகம் இல்ல."

சம்பந்தியம்மா இலையைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது சோபாவிலிருந்து இறங்கித் தரையில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"ஐஸ் கெரகம்னு சொல்லுதியே, உள்ளயும் ஐஸ்தானா?"

"பேருதாம்மா ஐஸ். உள்ள பயங்கரச் சூடு. தண்ணியும் வேற என்னல்லாமோவும் நசுங்கிக் கொழகொழன்னு கெடக்கும்னு நெனைக்கோம். நடுவுல பாறை இருக்கா, எவ்வளவு இருக்கு, தெரியாது."

"தொறக்காம எப்படிட்டி உள்ள இருக்கது தெரியும்?"

"சுத்தி வர்ற கப்பலை அது இழுக்கும்லாம்மா? எங்கன கூட இழுக்கு, எங்கன கொறச்சு இழுக்குன்னு பாத்தா உள்ள எப்படி இருக்குன்னு சொல்லிரலாம்."

சம்பந்தியம்மா தாம்பூலத் தட்டிலிருந்த தேங்காயை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். "இத மாதிரின்னு சொல்லு."

"அதே மாதிரிதாம்மா!"

மாமிக்கு ஒரு சந்தேகம். "அது எப்போம்மா போய்ச் சேரும்?"

"இன்னும் கெளம்பவே இல்ல மாமி. யார் அனுப்பப் போறாங்கன்னே முடிவாகல. கெளம்பினாலும் போய்ச் சேர பத்து வருஷத்துக்கு மேல ஆவும். அப்ப எனக்கு அத்தை வயசு ஆயிருக்கும்."

"நான் இருக்க மாட்டேன்" என்றார் மாமி சர்வ சாதாரணமாக. "நீ வந்து என் படத்துக்கு முன்னாடி சொல்லிடு."

சம்பந்தியம்மா நெற்றியைச் சுருக்கினார். "அதுக்கு எதுக்குட்டி இப்பவே ராத்திரி பகலா உக்காந்து எழுதுத?"

"என்ன தேடணும்னு இப்பவே முடிவு பண்ணாத்தான் அதுக்குத் தக்கன கருவி செய்ய முடியும். அங்க போன பொறவு 'ஐயோ, அதக் கொண்டாராம வந்துட்டோமே'ன்னா திரும்பி வர முடியாதுல்லாம்மா."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். ஏதோ பெரிய சிக்கல் தீர்ந்த முகம்.

"வேற ஒண்ணுமில்ல. நாளைக்கு இட்லி வேணும்னா இன்னைக்கே உளுந்த ஊறப் போடணும்லா? இவ ஊறப் போட்டுக்கிட்டு இருக்கா."

மருமகள் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் பெரிய பெரிய அரங்குகளில் அவள் இதைப் பேசியிருக்கிறாள். ஆனால் தான் என்ன வேலை செய்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னது அன்றுதான் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மாமி கடைசியில் பாட்டுப் பாடினார். எழுந்திருக்கும்போது, "விஜயதசமி அன்னிக்கு என்ன பண்ணுவே? இது ஏற்கெனவே படுத்துண்டிருக்கே. வேணும்னா அன்னிக்கு இதை நிமிர்த்தி வெச்சுடு, கணக்கு சரியாயிடும்" என்றார்.

"அதை யாரும் தொட வேண்டாம் மாமி. மரப்பாச்சியை அது பக்கத்துல படுக்க வெச்சுடறேன்."

சம்பந்தியம்மாவுக்குக் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தேன். மழை விட்டிருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் கையைப் பிடித்தார்.

"வாரேன் மதினி. சரஸ்வதி பூசை அன்னைக்கு மறுக்கா வாரேன். அதுக்கு முன்ன நீங்க ஞாயித்துக்கெழமை நம்ம வீட்டுக்கு வந்துரணும். அங்க பொம்மையெல்லாம் ஒண்ணும் கெடையாது. வேலை முடிஞ்சா நாந்தான் யுரேனஸ் மாதிரி படுத்துக் கெடப்பேன்."

மாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் உறவுமுறை வைத்து மதினி என்று சொன்னதை அவர் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன். அன்றைய டைரியில் புட்டுக்கு வெல்லப் பாகு நன்றாக அமைந்தது என்பதற்கு மேலே அதைத்தான் எழுதினேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை எழுந்து ஹாலுக்கு வந்தேன். யுரேனஸ் நிமிர்ந்து நின்றது. இரவு கடைசியாக விளக்கை அணைக்க வந்த என் மகன், அன்று ஐரோலி ஆபீஸிலிருந்து தாமதமாக வந்து இந்தக் கதை எதுவும் தெரியாதவன், பொம்மை விழுந்து கிடக்கிறதே என்று நல்ல பிள்ளையாக நட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். என் பிள்ளைதானே.

பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்னால், குளிப்பதற்கு முன்னால், நான் முதலில் செய்த காரியம் குனிந்து அந்தக் கிரகத்தைக் கன்னம் தரையில் படும்படி மெதுவாகப் படுக்க வைத்ததுதான். இன்றும் எதையாவது நேராக்கக் கை நீளும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, அருகில் இருப்பவரிடம் 'இது அப்படித்தானா?' என்று கேட்டுக்கொள்கிறேன்; அப்படிக் கேட்ட ஒவ்வொரு முறையும் அதுவரை எனக்கு விட்டுக்கொடுத்துச் சும்மா இருந்த ஒருவர் வாய் திறந்து பேசியிருக்கிறார்.